காலியாக இருக்க வேண்டிய குளம்: மழைநீர்த் தேக்கக் குட்டையைச் சோதிப்பதும் பராமரிப்பதும்

ஏரி நிரம்பினால் மகிழ்கிறோம். மழைநீர்த் தேக்கக் குட்டைக்கு இது நேர்மாறு. மழை விட்டு நான்காம் நாளும் அதில் தண்ணீர் நின்றால் எங்கோ கோளாறு என்று பொருள். கூரையும் தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் நிலத்தை மூடிவிட்ட இடங்களில், பெய்த மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் ஒரே நேரத்தில் திரண்டு ஓடிவரும். அதை வழியில் பிடித்து நிறுத்தி, ஒரு சிறு துளை வழியாக நிதானமாகக் கீழே விடுவதுதான் இந்தக் குட்டையின் வேலை. விட்டு முடித்ததும் அடுத்த மழைக்காகக் காலியாகக் கிடக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் புல் முளைத்த பள்ளம். அதனாலேயே பல இடங்களில் அது கட்டிய மறுநாளே மறக்கப்பட்டுவிடுகிறது.

குடியிருப்புச் சங்கத்திலோ ஒரு வளாகத்தின் பராமரிப்பிலோ இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் புதிதாக வந்து விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் அளவுகோலும் நடக்கப் பொறுமையும் போதும். எப்போதும் நீர் நிற்கும்படி கட்டப்பட்ட குளங்களின் கணக்கு வேறு. இங்கே பேசுவது மழைக்குப்பின் வற்ற வேண்டிய குட்டைகளைப் பற்றி மட்டுமே.

முதலில் உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நீர் வந்து விழும் இடம் வரத்து வாய். அதற்கு அருகே, வரும் மண்ணைப் பிடித்துவைக்கத் தனியாக ஒரு வண்டல் குழி இருக்கலாம். குட்டையைச் சூழ்ந்த மண்மேடு கரை. கரையின் தாழ்ந்த பக்கத்தில் கான்கிரீட் தொட்டி ஒன்று நிற்கும். அதை மதகுத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் சிறு துளை, துளைக்கு முன்னால் குப்பையைத் தடுக்கக் கம்பித் தடுப்பு, தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஓடி வெளியே போகும் குழாய். இவை எல்லாம் திணறும் அளவுக்குப் பெருமழை பெய்தால் உபரி நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட ஒரு தாழ்வான இடம் விட்டிருப்பார்கள். அது கலிங்கு.

புறப்படுவதற்கு முன்

குட்டையின் வரைபடத்தைத் தேடி எடுங்கள். நான்கு எண்கள் வேண்டும்: துளையின் விட்டம், தரையின் மட்டம், கலிங்கின் மட்டம், முழுக்க நிரம்பினால் எத்தனை மணி நேரத்தில் வற்ற வேண்டும் என்ற வடிவமைப்புக் கணக்கு. பெரும்பாலான குட்டைகள் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வற்றும்படி கட்டப்படுகின்றன. வரைபடம் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். குட்டை காய்ந்திருக்கும் நாளில் நீங்களே நாடா பிடித்து அளந்து, கையால் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அதுதான் இனி உங்கள் ஆவணம்.

கையில் எடுத்துச்செல்ல: நாடா, அளவு குறித்த இரண்டு மீட்டர் கம்பு, நீண்ட கைப்பிடி கொண்ட வாரி, டார்ச், கேமரா, தடித்த கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், மூடியுள்ள ஒரு வெற்றுக் கண்ணாடிப் பாட்டில். பாட்டில் எதற்கு என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். கூடவே இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

எப்போது போவது

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சுற்றிவந்தால் போதும். முழுச் சோதனை மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. ஆனால் இவற்றைவிடப் பயன் தருவது பெருமழைக்குப் பிறகான இரண்டு வருகைகள்: மழை விட்ட மறுநாள் ஒன்று, 72 மணி நேரம் கழிந்தபின் இன்னொன்று. காய்ந்த குட்டை எந்தக் கோளாறையும் மறைத்து வைத்துக்கொள்ளும். நனைந்த குட்டை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மழை விட்ட நேரத்தையும் அப்போதைய நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மதகுத் தொட்டியின் சுவரில் பத்து செ.மீ.க்கு ஒன்றாகப் பெயின்ட்டால் கோடு போட்டுவைத்தால் கரையில் நின்றபடியே படித்துவிடலாம்.

கடைக்கோடியிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் வழக்கமாக நீர் வரும் திசையிலேயே நடந்துபோய்ச் சோதிப்பார்கள். வரத்து வாயில் தொடங்கி, தரை, மதகு என்று வந்து, கரையைத் தாண்டி வெளியே இறங்கும்போது களைத்திருப்பார்கள். கடைசிக் குழாய்முனையை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் நேரெதிராகச் செய்யச் சொல்வேன். ஆபத்தின் அறிகுறி முதலில் தெரிவது கரையின் வெளிப்பக்க அடியில்தான். அங்கே புத்துணர்ச்சியோடு போய் நில்லுங்கள்.

குழாய் வெளியேறும் இடத்தில் நீரின் வேகத்தைத் தணிக்கக் கற்கள் பரப்பியிருப்பார்கள். கற்கள் அடித்துச் செல்லப்பட்டு, முனைக்குக் கீழே குழி விழுந்திருக்கிறதா? குழாய்த் துண்டுகள் இணைப்பில் விலகியிருக்கின்றனவா? டார்ச் அடித்து வெளியிலிருந்தே பாருங்கள். தலையைக்கூட உள்ளே விட வேண்டாம்.

பிறகு கரையின் அடியை ஒட்டி மெதுவாக நடங்கள். சுற்றிலும் புல் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். காலால் அழுத்திப் பாருங்கள், பொதபொதவென்று அமுங்கும். கசிவு இருந்தாலே கரை உடையப்போகிறது என்று கூச்சலிட வேண்டியதில்லை. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கேள்வி, கசியும் நீர் மண்ணைச் சுமந்து வருகிறதா என்பதுதான். அதற்குத்தான் பாட்டில். கசிவு நீரைப் பிடித்து நிழலில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அடியைப் பாருங்கள். தெளிந்த நீர் தெளிந்தபடியே இருந்தால் இடத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு அடுத்த மழையிலும் ஒப்பிடுங்கள். அடியில் மண் படிந்தால், கரைக்குள் நீர் தனக்கென்று ஒரு புழையைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. பென்சில் தடிமனில் தொடங்கும் புழை நீர் அழுத்தத்தில் பெருகி, ஒரே நாளில் கரையைக் கொண்டுபோகக்கூடும். அன்றே பொறியாளரை அழையுங்கள். கரைக்குக் கீழ்ப்புறம் குடியிருப்போருக்கும் சொல்லுங்கள். குழாய் போகும் பாதைக்கு மேலே கரையில் மண் உள்வாங்கிக் குழி விழுந்திருந்தாலும் இதே அவசரம்தான்.

கரைமேல் ஏறுங்கள்

கரை முகட்டில் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுமுனையைப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத தாழ்வு இப்போது தெரியும். ஆட்கள் குறுக்கே நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகூட ஓர் உள்ளங்கை ஆழத்துக்குத் தாழ்ந்திருக்கும். கலிங்கைவிடத் தாழ்ந்த இடம் கரையில் எங்காவது இருந்தால், வெள்ளம் அதைத்தான் தன் கலிங்காக எடுத்துக்கொள்ளும்.

விரிசல்களில் இரண்டு வகை. கரையின் நீளவாக்கில் ஓடுவது, அந்தப் பக்கச் சரிவு நழுவத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கரைக்குக் குறுக்கே வெட்டிப்போவது நீர் கடக்க வழி. வெயிலில் காய்ந்து களிமண் வெடித்த மேலோட்டமான வலைப்பின்னல் விரிசல்கள் வேறு. மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் விரிசலின் இரு முனைகளிலும் ஆப்பு அடித்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எலி, பெருச்சாளி, நண்டு, முயல் என்று எது வளை தோண்டினாலும் கரைக்குக் கேடு. விலங்கு வெளியேறிவிட்டது என்று உறுதியானபின் வளையைத் திறந்து, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகத் திணித்து இடித்து நிரப்ப வேண்டும். வாயை மட்டும் ஒரு கல் வைத்து அடைப்பது கண்துடைப்பு.

மரங்களைப் பற்றிப் பலருக்கும் மனம் வராது. நிழல் தரும், மண்ணைப் பிடிக்கும் என்பார்கள். சரிவான மலைப்பக்கத்தில் அது உண்மை. நீரைத் தாங்கும் குறுகிய மண்கரையில் வேர் போகும் பாதையில் நீரும் போகும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துவிடும். கரைமேலும் அதன் அடியிலிருந்து ஐந்து மீட்டருக்குள்ளும் மரக்கன்றுகளைச் சுண்டுவிரல் தடிமனிலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்ட மரத்தை நீங்களாக வெட்டிச் சாய்க்காதீர்கள். அடிமரத்தை விட்டுவைத்தால் வேர்கள் மக்கி, கரைக்குள் குழாய்போல வெற்றிடம் விடும். அதை எடுத்து மண் நிரப்பி இறுக்கும் வேலையைப் பொறியாளர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அந்தச் சிறு துளை

இனி மதகுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் ஒன்று எனக்கு ஒரு பாலிதீன் பையிடமிருந்து கிடைத்தது. மழை விட்டு நான்கு நாளாகியும் முட்டளவு நீர் நின்ற ஒரு குட்டையில், மண் மேடிட்டுவிட்டது, பொக்லைன் வைத்துத் தூர் வார வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டினேன். கரையில் நின்றபடி நீண்ட வாரியால் கம்பித் தடுப்பைத் துழாவியபோது எதுவோ வழுக்கிக்கொண்டு வந்தது. இலைகளும் புல் துணுக்குகளும் ஒட்டி, நீர் அழுத்தத்தில் தட்டையாகப் படிந்து, துளையின் பெரும்பகுதியை மூடியிருந்த ஒரே ஒரு பை. அது விலகியதும் தொட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் தரை தெரிந்தது. வாரிக்குப் பதில் பொக்லைன் வந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு விருப்பமில்லை.

ஒரு பை அவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர மீட்டர் தரை, ஒரு மீட்டர் ஆழம், பக்கங்கள் செங்குத்து என்று எளிமையாக வைத்துக்கொண்டால், 75 மி.மீ. விட்டமுள்ள துளை அதை வடிக்க ஏறத்தாழ 47 மணி நேரம் எடுக்கும். துளையின் ஓரத்தில் கழிவு படிந்து விட்டம் 50 மி.மீ. ஆகிவிட்டால்? விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் நீர் போவது பரப்பின் வழியாக. பரப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. நேரம் 106 மணியாகிறது, அதாவது நான்கரை நாளை நெருங்குகிறது. வெப்பமான பருவத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். இடையில் இன்னொரு மழை வந்தால் நீர் வற்றவே வற்றாது. குட்டையில் இடமும் இருக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடிக்கடி அடைக்கிறதே என்று அலுத்துப்போய் யாராவது துளைத் தகட்டைக் கழற்றிவிடுவார்கள், அல்லது துளையை 100 மி.மீ. ஆகக் குடைந்துவிடுவார்கள். குட்டை 27 மணி நேரத்துக்குள் வற்றிவிடும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் கீழே போகும் நீரின் உச்ச அளவு 1.8 மடங்கு ஆகிவிட்டது. வெள்ளம் கீழ்ப்புறத்தில் இருப்பவர் வீட்டு வாசலுக்குப் போகும். ஆகவே சோதனையின்போது துளை திறந்திருக்கிறதா என்பதோடு, அதன் விட்டம் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா என்றும் நாடா வைத்து அளக்க வேண்டும்.

கடிகாரத்தை வைத்துச் செய்யும் சோதனையில் ஒரு நுணுக்கம். நீர் ஆழம் குறையக் குறையத் துளையில் அழுத்தமும் குறையும், ஓட்டமும் தளரும். மேலே சொன்ன குட்டையில் முதல் 75 செ.மீ. வடிய எடுக்கும் நேரமும் கடைசி 25 செ.மீ. வடிய எடுக்கும் நேரமும் ஒன்றுதான்: தலைக்கு ஒரு நாள். எனவே இரண்டாம் நாள் காலையில் கணுக்கால் நீர் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாறாக, நிரம்பிய குட்டை முதல் நாள் முடிவில் பாதிகூடக் குறையவில்லை என்றால் வாரியை எடுங்கள். சரிந்த பக்கங்கள் கொண்ட குட்டையில் மேல்பகுதியில் கொள்ளளவு அதிகம் என்பதால் எண்கள் மாறும், போக்கு மாறாது. இரண்டு மூன்று மழைக்கு நேரம் குறித்துவிட்டால் உங்கள் குட்டையின் வழக்கமான கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

குப்பையை எடுக்கும் முறை: நீர் நிற்கும்போது கரையிலிருந்தோ தொட்டிக்கான நடைமேடையிலிருந்தோ நீண்ட வாரியால் மட்டும். கை எட்டவில்லை என்றால் இறங்காதீர்கள். 30 செ.மீ. குழாய் வாயை ஒரு மீட்டர் நீருக்கடியில் உங்கள் கால் அடைத்துக்கொண்டால் ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஈடான விசை அதைப் பிடித்து இழுக்கும். குப்பையை இழுக்கும் கணத்தில்தான் அடைப்பு திடீரென்று திறந்துகொள்ளும். எடுத்த குப்பையைக் கரையின் உட்சரிவில் போட்டுவிட்டு வருவது பழக்கம் பலருக்கு. அடுத்த மழை அதை அப்படியே கம்பித் தடுப்புக்குத் திருப்பிக் கொடுக்கும். மூட்டையாகக் கட்டி வெளியே கொண்டுபோங்கள்.

மதகுத் தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் இறங்குவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மக்கும் கழிவு ஆக்சிஜனைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், 19.5க்குக் கீழே போனாலே அங்கே மனிதர் நுழையக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது, ஏனென்றால் அந்த வாயு அதிகமானால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

கலிங்கு

இது எளிது. கலிங்கில் எதுவும் இருக்கக் கூடாது. குவித்த மண், நிறுத்திய வண்டி, குறுக்கே போட்ட வேலி, அடர்ந்த புதர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். கற்களோ புல்லோ பெயர்ந்திருந்தால் திரும்பப் பதியுங்கள். இன்னும் கொஞ்சம் நீர் பிடிக்கலாமே என்று மணல் மூட்டை அடுக்கி அதை உயர்த்தும் யோசனை ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு வரும். கரையின் மேல் நீர் வழிந்தால் மண்கரை நிற்காது என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தரையும் வண்டலும்

வரத்து வாயில் அரிப்பு, உடைந்த கான்கிரீட், முனையை மூடிய மண் மேடு ஆகியவற்றைப் பாருங்கள். நீரில் எண்ணெய்ப் படலமோ சாக்கடை நாற்றமோ இருந்தால், மேலே யாரோ கலக்கக் கூடாததைக் கலக்கிறார்கள். அதை அந்தப் பகுதியின் வடிகால் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

தரையில் மூன்று நான்கு இடங்களில் அளவு குறித்த கம்பங்களை நட்டு, தொடக்கத் தரைமட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோட்டுக்கு மேல் எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதே 1,000 சதுர மீட்டர் குட்டையில் 15 செ.மீ. வண்டல் என்றால் 150 கன மீட்டர் இடம் போய்விட்டது, கொள்ளளவில் 15 சதவீதம். வண்டல் குழி பாதி நிறைந்தாலே அதை வெட்டி எடுங்கள். குழியை ஒழுங்காகச் சுத்தம் செய்துவந்தால் முழுத் தரையையும் தூர் வாரும் நாள் பல ஆண்டுகள் தள்ளிப்போகும். அனுமதி ஆவணத்தில் வரம்பு எதுவும் சொல்லப்படாவிட்டால், கொள்ளளவில் 10 முதல் 25 சதவீதம் வரை இழந்தபின் தூர் வாருவது பொதுவான நடைமுறை.

தூர் வாரும்போது மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஆழமாக இருந்தால் நல்லதுதானே என்று பழைய தரைமட்டத்துக்கும் கீழே தோண்டிவிடுவார்கள். துளைக்குக் கீழே போன பள்ளம் வடியவே வடியாது, நிரந்தரக் கொசுத் தொட்டியாகிவிடும். கரையின் உள் அடியை வெட்டிவிடுவார்கள், கரை சரியும். அள்ளிய வண்டலைக் கரைமேல் கொட்டுவார்கள். மழையில் அது திரும்பி உள்ளே வரும். ஈர வண்டல் கன மீட்டருக்கு ஒன்றரை டன் வரை எடை இருக்கும் என்பதால், லாரியில் ஏற்றுவதற்கு முன் ஓரமாகக் குவித்து நீரை வடியவிடுவது செலவைக் குறைக்கும். சாலையிலிருந்து வரும் நீரில் எண்ணெயும் துத்தநாகம், செம்பு, ஈயம் போன்ற உலோகங்களும் வண்டலோடு படிகின்றன. எனவே அதைத் தோட்டத்துக்கு உரமாகப் போடாதீர்கள். ஆய்வுக்கு அனுப்பி, முடிவைப் பார்த்து எங்கே கொட்டுவது என்று தீர்மானியுங்கள். வேலை முடிந்ததும் வெற்று மண்ணில் உடனே புல் விதையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வண்டல் உங்கள் குட்டையிலிருந்தே உருவாகும்.

புல்

அழகுக்காக வழிக்காதீர்கள். பத்து முதல் பதினைந்து செ.மீ. உயரம் விட்டு வெட்டினால் வேர் பிடிப்பு நிற்கும், வளையும் விரிசலும் கண்ணுக்குத் தெரியும். ஈரமான நாளில் சரிவில் இயந்திரம் ஓட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகும், இயந்திரம் உருளவும் கூடும். வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள். அந்தப் பாலிதீன் பையின்மேல் பசைபோல ஒட்டியிருந்தது வெட்டிப் போட்ட புல்தான்.

குறித்து வைப்பது

ஒவ்வொரு வருகையிலும் அதே ஐந்து இடங்களில் நின்று, அதே திசையில் புகைப்படம் எடுங்கள்: குழாய்முனை, கரை முகடு, மதகு, கலிங்கு, வரத்து வாய். கம்போ செருப்போ எதையாவது படத்தில் வைத்தால் அளவு தெரியும். ஏட்டில் தேதி, மழை விட்ட நேரம், நீர்மட்டம், தரை தெரிந்த நேரம், அளந்த துளை விட்டம், எடுத்த குப்பை, கண்ட கோளாறு, அதை யார் எப்போது சரிசெய்தார் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கும் வரிகளை அடுத்த வருகையில் முதலில் படியுங்கள்.

பொறியாளரை அழைக்க நேர்ந்தால், ‘கரையில் பிரச்சினை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கசிவு குழாயிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, நீர் தெளிவா கலங்கலா, நேற்றைவிடக் கூடியதா, அந்த நேரத்தில் குட்டையில் மட்டம் எவ்வளவு என்று சொல்லுங்கள். பாட்டிலை மூடி, தேதி எழுதி, அவர் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.